இருமுறை எண்ணாதவர்

1. அக்டோபரில், துருவ வட்டத்துக்கு வடக்கே ஒரு பள்ளத்தாக்கில் தானியங்கிக் கேமராக்கள் ஓராண்டாக எடுத்த படங்கள் ஷார்ஜாவில் எங்கள் அலுவலகத்துக்கு வரத் தொடங்கின. அவற்றில் உள்ள பாலூட்டிகளை அடையாளம் கண்டு, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்துப் பட்டியலிடுவது எங்கள் வேலை.
2. நவம்பரில் அவர் எங்கள் மேசைக்கு வந்து சேர்ந்தார்.
3. பிப்ரவரியில், அந்தப் பள்ளத்தாக்கில் முப்பத்தொரு நரிகள் இருப்பதாக அறிக்கை அனுப்பினேன்.
4. ஏப்ரலில் அவர் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை.
5. மூன்றாம் நாள் பேசினார்.
6. மே மாதம், முப்பத்தொன்று தவறு, பதினேழு என்று திருத்தி அனுப்பினேன்.
7. ஜூலையில் அவர் ஊருக்குப் போனார்.

இந்த ஏழிலும் பிழை இல்லை. ஆனால் இதைப் படித்தால் ஒரு ப்ராஜெக்ட் தெரியும், அவர் தெரிய மாட்டார். அதனால் மிச்சத்தையும் எழுதுகிறேன்.

எங்கள் அலுவலகம் முவைலாவில், ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது. பாலைவனத்தில் கேமரா வைத்து மணல் நரியையும் மானையும் கணக்கெடுக்கும் சிறிய நிறுவனம். அந்தப் பழக்கம் இருந்ததால் வடக்கே ஒரு பல்கலைக்கழகக் குழு தங்கள் படங்களையும் எங்களிடம் கொடுத்தது. கஸ்தூரி எருது, துருவ நரி, வெண்முயல், ஓநாய், எப்போதாவது ஒரு வெண்கரடி. ஜன்னலுக்கு வெளியே லாரிகள் கிளப்பும் புழுதி, திரையில் பனி. மேசையில் மூன்று பேர். நான் கோயம்புத்தூரில் படித்த எஞ்சினியர். படங்களை ஒன்றோடொன்று ஒப்பிடும் புரோகிராம் என்னுடையது. கரடியும் ஓநாயும் யாழ்ப்பாணத்துச் சுகந்தி அக்காவின் பொறுப்பு. மூன்றாவது அவர்.

அவருக்கு ஐம்பத்தாறு வயது, பரமக்குடிப் பக்கம். எங்கள் முதலாளிக்கு ஒரு கட்டுமானக் கம்பெனியும் உண்டு. அதில் இருபத்திரண்டு வருடம் டைம்கீப்பராக இருந்தவர். சைட் கேட்டில் நின்று காலையில் ஆட்களை எண்ணி உள்ளே விடுவதும், மாலையில் எண்ணி பஸ்ஸில் ஏற்றுவதும் வேலை. கடைசி இரண்டு வருடம் கேட்டில் முகம் பார்த்து வருகை போடும் கேமரா வந்தது. ஆட்களோ தலையில் ஹெல்மெட், தூசிக்குப் பயந்து மூக்கு வரை துணி. பாதிப் பேரைக் கேமரா யாரென்றே தெரியவில்லை என்றது. அந்தப் படங்களைப் பார்த்து ஆளைச் சொல்லும் வேலையும் அவரிடம் வந்தது. பிறகு முட்டி போய், நிற்க முடியாமல் ஆனபோது, அவருடைய ஃபைலில் 'படச் சரிபார்ப்பில் இரண்டு ஆண்டு அனுபவம்' என்று இருந்ததைப் பார்த்து ஹெச்.ஆர். அவரை எங்களிடம் அனுப்பிவிட்டது.

முதல் நாள் அவருக்குக் கஸ்தூரி எருதுக் கூட்டம் ஒன்றைக் காட்டினேன். பனி மேல் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நடப்பது போல ஒரு வரிசை, கணவாயைத் தாண்டிப் போகிறது. ரொம்ப நேரம் பார்த்தார்.

"எத்தனை பேரு மேடம் போனாக?"

"பதினாலு எருதுண்ணே. மேடம்லாம் வேணாம்."

"சரி தாயி. திரும்புனது எத்தனை?"

"திரும்பினதா?"

"போனவுக திரும்பணும்ல?"

என் அட்டவணையில் இருபத்தாறு கட்டங்கள் இருந்தன. திரும்பியதற்கு ஒரு கட்டம் இல்லை. நாம் எடுப்பது கணக்கெடுப்பு, வருகைப் பதிவு அல்ல என்று விளக்கினேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். மறுநாளும் அதையே கேட்டார். ஒரு வாரம் கழித்து இருபத்தேழாவது கட்டத்தைச் சேர்த்தேன்.

விலங்குகளை அவர் 'ஆளு' என்றுதான் சொல்வார். "இந்த ஆளு நேத்து வந்தவன்", "இந்த ஆளுக்கு இடுப்புல ஏதோ கோளாறு". எருதுகளில் பசு எது என்று கொம்பை வைத்துக் கற்றுக்கொடுத்த பிறகு, "இந்தப் புள்ள" என்றும் சொல்ல ஆரம்பித்தார்.

ஏ.சி. அவருக்கு ஆகாது. சைட்டின் வெயிலுக்கு இருபத்திரண்டு வருடம் பழகிய உடம்பு. குரங்குக் குல்லாவும், துபாய் சத்வா கடைத்தெருவில் வாங்கிய தடித்த ஜாக்கெட்டுமாக உட்கார்ந்திருப்பார்.

"அண்ணை, கரடியைப் பார்க்க நேரிலயே போகப் போறியளோ?" என்பார் சுகந்தி அக்கா.

"நீ அந்த ஏசிய ரெண்டு நம்பர் ஏத்து. நான் குல்லாவக் கழட்டுறேன்."

"அது மேனேஜற்ற கையில எல்லோ இருக்கு."

"அப்ப கரடி இங்கிட்டு வந்தாலும் சவுரியமா இருந்துட்டுப் போகும்."

ஒருநாள் மாலை பஸ் நிறுத்தம் வரை அவரோடு நடந்தேன். முவைலாவில் அந்த நேரத்தில் தெரு முழுக்க ஒரே மாதிரி உடுப்புதான்; கழுத்திலிருந்து கணுக்கால் வரை மூடிய கவரால், நீலம், அல்லது பச்சை, அல்லது ஆரஞ்சு. எனக்கு அது ஒரு நிறமாக மட்டும்தான் தெரிந்தது. அவர் திடீரென்று முன்னால் போன ஒரு முதுகைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"ஏய் கருப்பையா! எப்படா பச்சைக்கு மாறுன?"

அந்த மனிதர் திரும்பினார். மூக்கு வரை துணி. இழுத்துவிட்டுச் சிரித்தார். "மூணு மாசமாச்சுண்ணே. பழைய கம்பெனி கலாஸ், மூடிட்டாக. எப்படிண்ணே கண்டுபுடிச்ச?"

"நீ நடந்தியேடா."

பிறகு என்னிடம் சொன்னார்: "சட்டை கம்பெனியோடது தாயி. நடை அவனோடது."

அவர் சொன்ன கதைகளில் எனக்கு மிகவும் பிடித்தது இது. ஒருநாள் மாலை சைட்டில் நாற்பத்தொரு பேர் ஏற வேண்டிய பஸ்ஸில் நாற்பது பேர். பஸ்ஸை விட மாட்டேன் என்று கதவில் நின்றுவிட்டார். ஆகஸ்ட் மாதம். பஸ்ஸில் ஏ.சி. வேலை செய்யவில்லை. நாற்பது பேரும் தமிழிலும் இந்தியிலும் வங்காளத்திலும் திட்டியிருக்கிறார்கள். முக்கால் மணி நேரம் தேடி, ஒரு பெரிய குழாய்க்குள் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தவனைக் கண்டுபிடித்தார்.

"மயங்கிக் கிடந்தாரா?" என்று கேட்டேன்.

"மயக்கமா? நல்ல குறட்டை. எழுப்புனதுக்கு அவனும் என்னையத் திட்டுனான். நாப்பத்தொண்ணு சரியாப் போச்சு."

விடுமுறை நாளில் மூவரும் ரோலாவுக்குச் சாப்பிடப் போவோம். ஒவ்வொரு சாலையைக் கடந்ததும் நின்று, திரும்பி, எங்களைப் பார்ப்பார்.

"மூணு பேருக்கு எதுக்குண்ணே இவ்வளவு கணக்கு?"

"நூறு பேருல ஒருத்தன் தொலைஞ்சா மத்தவன் எவனாச்சும் கேப்பான். மூணு பேருன்னா ஆளாளுக்கு மத்தவனோட போயிருப்பான்னு நெனச்சுக்கிருவாக."

இனி நரி.

துருவ நரியில் இரண்டு வகை உண்டு என்று படித்திருந்தேன். ஒன்று குளிர்காலத்தில் வெளுத்துக் கோடையில் பழுப்பாகும். மற்றது ஆண்டு முழுதும் கருமை கலந்தே இருக்கும். எங்களுக்கு முதலில் குளிர்காலப் படங்களும், அடுத்து கோடைப் படங்களும் வந்தன. வெள்ளை நரிகளைப் பிரித்து எண் கொடுத்தேன். கோடையில் வந்த கருத்த நரிகளை இரண்டாம் வகை என்று வைத்துக்கொண்டேன். புரோகிராம் வேகமாக ஓடட்டும் என்று முதலில் நிறத்தைப் பார்த்துப் பிரிக்கச் சொல்லியிருந்தேன். அதனால் வெள்ளையைக் கருப்போடு அது ஒப்பிடவே இல்லை. வெள்ளை பதினாறு, கருப்பு பதினைந்து. மொத்தம் முப்பத்தொன்று.

பல்கலைக்கழகக் குழு முன்பே எழுத்தில் ஒரு நிபந்தனை வைத்திருந்தது. இருபத்தைந்துக்கு மேல் நரி உள்ள பள்ளத்தாக்கில் இரண்டாம் ஆண்டும் கேமரா இருக்கும். குறைந்தால் கேமராக்கள் வேறு இடத்துக்குப் போகும். அந்த இடத்தின் படங்களை வேறொரு குழு பார்க்கும்.

அறிக்கை போன அன்று எங்கள் மேனேஜர், சென்னைக்காரர், மேசைக்கே வந்தார். "பெரியவரே, முப்பத்தொண்ணு! ரெண்டாவது சீசன் நமக்குத்தான். ஜூலையில உங்க விசா முடியுதில்ல? ரெண்டு வருஷத்துக்கு அடிச்சுடுவோம். நிம்மதியா இருங்க."

அவருடைய சின்ன மகள் மதுரையில் நர்சிங் இரண்டாம் ஆண்டு. படிப்பு முடிய இன்னும் இரண்டு வருடம். அந்த முட்டியோடு வேறு எந்தக் கம்பெனியும் அவரை எடுக்காது. இதை அவர் ஒருபோதும் குறையாகச் சொன்னதில்லை; பஸ் நேரம் சொல்வது போலச் சொல்லியிருக்கிறார். அன்று கீழே கஃபட்டேரியாவிலிருந்து எல்லோருக்கும் சமோசா வரவழைத்தார். மாடிப்படியில் நின்று மகளோடு பேசியது எங்களுக்கும் கேட்டது. "நீ படி. அப்பா இங்கதான் இருப்பேன்."

ஏப்ரலில் மூன்றாவது தொகுப்பு வந்தது. பனியில் புதைந்துபோன இரண்டு கேமராக்களைத் தோண்டி எடுத்து அனுப்பியிருந்தார்கள். அதில் ஜூன் மாதப் படங்கள் இருந்தன.

அந்தத் தொகுப்பைத் திறந்த நாளிலிருந்து அவர் பேசவில்லை. சாயா வந்தது, குடித்தார். சுகந்தி அக்கா குல்லாவைக் கிண்டல் செய்தார், சிரிக்கவில்லை. நரிப் படங்களை மூடி வைத்துவிட்டு, முடிந்துபோன எருதுப் படங்களை மறுபடி முதலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். "அண்ணைக்கு வீட்டில ஏதும் பிரச்சினையோ?" என்று அக்கா என்னிடம் கேட்டார். எனக்குத் தெரியவில்லை.

மூன்றாம் நாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கூப்பிட்டார்.

"தாயி, இங்கிட்டு வா. இது யாரு?"

திரையில் ஒரு நரி. முகமும் கால்களும் பழுப்பு. முதுகிலும் வாலிலும் பழைய வெள்ளை முடி கிழிந்த பஞ்சு போலத் தொங்கிக்கொண்டிருந்தது.

"புதுசுண்ணே. முப்பத்திரண்டாவது."

"புதுசு இல்ல. இவன் ஏழாம் நம்பரு. கவரால் மாத்துறான்."

கேமரா ஒவ்வொரு முறையும் தொடர்ந்து பத்துப் படங்கள் எடுக்கும். அவற்றை வேகமாக ஓட்டினால் விலங்கு நடப்பது தெரியும். முதலில் இந்த நரியை ஓட்டினார். பிறகு வெள்ளை ஏழாம் எண்ணை ஓட்டினார். பிறகு கருப்புப் பத்தொன்பதாம் எண்ணை.

"வலது முன்னங்காலப் பாரு. வெளிப்பக்கமா வீசி வைக்கிறான். பனியிலயும் அப்பிடித்தான், கல்லுலயும் அப்பிடித்தான். மூணும் ஒரே ஆளு."

முப்பத்தொன்றும் எப்படி வந்தது என்று அந்த நிமிடத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

"எப்ப கண்டுபிடிச்சீங்க?"

"முந்தாநாளு."

"ரெண்டு நாளா ஏண்ணே சொல்லல?"

குல்லாவைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "சொல்லாம இருக்க முடியுதான்னு பாத்தேன்."

நான்கு நாள் இருவரும் உட்கார்ந்து எல்லா நரிகளையும் நடக்கவிட்டுப் பார்த்தோம். நான் காது, தழும்பு, வால் நுனி என்று ஒரு பட்டியல் வைத்துக்கொண்டு ஒப்பிட்டேன். அவர் நடையைப் பார்த்தார். இருவர் சொன்னதும் ஒத்துப்போனால்தான் சேர்த்தோம். பதினான்கு நரிகளை இருமுறை எண்ணியிருந்தேன். உண்மையில் கருப்பு வகை அங்கே ஒன்றே ஒன்று. மொத்தம் பதினேழு. ஒவ்வொரு ஜோடி சேரும்போதும் அவர் குரல் கொஞ்சம் தாழ்ந்தது. ஆனாலும் ஒன்றைக்கூட அவர் தவறவிடவில்லை. எனக்குச் சந்தேகமாக இருந்த இரண்டையும் அவர்தான் உறுதிப்படுத்தினார்.

மேனேஜரிடம் போனேன். கதவைச் சாத்தச் சொன்னார்.

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"எங்க மூணு பேருக்கு."

"பாரும்மா, ஆகஸ்ட்ல ஃபைனல் ரிப்போர்ட் இருக்கு. அதுல திருத்தம்னு போட்டுடலாம். நாம என்ன மறைக்கவா போறோம்? அதுக்குள்ள ரெண்டாவது சீசன் கையெழுத்தாயிடும், பெரியவர் விசாவும் அடிச்சுடும். நான் அவருக்காகத்தான் சொல்றேன்."

மேனேஜர் கெட்டவர் இல்லை. அன்று மாலை என் ரூமில் ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். ஆகஸ்ட் வரை பொறுக்கலாம் என்பதற்குக் காரணங்கள் ஆறு. பொறுக்கக் கூடாது என்பதற்கு இரண்டு.

மறுநாள் அவரிடம் மேனேஜர் சொன்னதை அப்படியே சொன்னேன். அவர் சரி என்று சொல்லிவிட்டால் எனக்கு வேலை சுலபம். அந்த எண்ணத்தோடுதான் சொன்னேன்.

அவர் ஒரு கதை சொன்னார். அதுவரை சொல்லாத கதை. அவர் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம். ஊருக்குப் போன ஒருவனின் பெயரை ஃபோர்மேன் ரிஜிஸ்டரில் அப்படியே வைத்திருந்தான். அந்த ஆளையும் தினம் சேர்த்து எண்ணச் சொன்னான். இவர் புதியவர், எண்ணினார். ஒருநாள் அறுபது பேரில் ஒருவன் சைட்டிலேயே காய்ச்சலில் விழுந்துவிட்டான். அதே நாள் மதியம், ஊருக்குப் போயிருந்தவன் திரும்பி வந்து வேலையில் சேர்ந்திருந்தான்; இவருக்கு யாரும் சொல்லவில்லை. இல்லாத ஆளுக்காக எப்போதும் போல ஒன்றைக் கூட்டினார். அறுபது சரியாக வந்தது. பஸ் போய்விட்டது.

"மறுநா காலையிலதான் பாத்தோம்."

"உயிரோட இருந்தாரா?"

"இருந்தான். ஊருக்கு அனுப்பிட்டாக. ஆனா ஒரு ராத்திரி பூரா அவன யாரும் தேடல தாயி. நம்பருதான் சரியா இருந்துச்சே, எதுக்குத் தேடணும்?"

என் திரையில் இருந்த முப்பத்தொன்றை விரலால் காட்டினார்.

"கொறச்சு எண்ணுனா தேடுவாக. கூட எண்ணுனா, ஒருத்தன் போனாலும் தெரியாது. அந்த நரியில நாலு செத்தாலும் உன் முப்பத்தொண்ணு நிக்கும்."

"அப்ப அனுப்பிடவாண்ணே?"

"ரிஜிஸ்டர் ஒன்னோடது. நான் சொல்ல மாட்டேன்." பிறகு, எழுந்து போகும்போது: "அனுப்பாட்டியும் உன் மேல கோவம் இல்ல. எனக்கும் புள்ள படிக்குது."

அதைக் கேட்காமல் இருந்திருக்கலாம் என்று இன்றும் தோன்றுகிறது. அவர் நல்லவராக மட்டும் பேசிவிட்டுப் போயிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

மூன்று நாள் வைத்திருந்தேன். பிறகு அனுப்பினேன். பிழை எப்படி நேர்ந்தது, யார் கண்டுபிடித்தார், எப்படிச் சரிபார்த்தோம் என்று மூன்று பத்தி எழுதினேன். அவருடைய வேலை இதனால் போகலாம் என்பதை எழுதவில்லை. அது அவர்கள் முடிவைத் தொடக் கூடாது என்று நினைத்தேன். பதில் ஐந்தாம் நாள் வந்தது. அன்பான கடிதம். நன்றி சொல்லி, நடையை வைத்து அடையாளம் கண்ட முறையை விளக்கமாக எழுதித் தரும்படி கேட்டிருந்தார்கள். கடைசி வரியில், நிபந்தனைப்படி கேமராக்கள் அடுத்த பள்ளத்தாக்குக்கு மாற்றப்படும் என்று இருந்தது.

அவரிடம் படித்துக் காட்டினேன். "நடைய எழுதிக் கேக்குறாகளா?" என்றார். "அத எப்பிடி எழுதுறது?" ஒரு வாரம் இருவரும் உட்கார்ந்து எழுதினோம். அவர் அலுவலக நடைவழியில் நடந்து காட்டுவார். முட்டியைப் பிடித்துக்கொண்டு, ஏழாம் எண் மாதிரி, பன்னிரண்டாம் எண் மாதிரி. சுகந்தி அக்கா போனில் படம் எடுத்தார். சிரித்துச் சிரித்து அக்காவுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. பிறகு அக்கா கழிப்பறைக்குப் போய் வெகுநேரம் வரவில்லை.

ஜூலையில் ஒரு மதிய விமானம். நாங்கள் இருவரும் ஷார்ஜா ஏர்போர்ட்டுக்குப் போனோம். ஒரு பெட்டி, ஒரு போர்வைக் கட்டு. குல்லா இல்லாமல் அவர் சின்னவராகத் தெரிந்தார்.

"அண்ணை, வேறை கம்பெனி பார்க்கலாம் எல்லோ. நான் என்ர மச்சானிட்டையும் சொல்லி வைக்கிறன்," என்றார் அக்கா.

"பாப்போம்த்தா." என் பக்கம் திரும்பினார். "மூஞ்சிய ஏன் அப்பிடி வச்சிருக்க? நான் சொன்னேன், நீ செஞ்ச. ரெண்டு பேருக்கும் பாதிப் பாதி."

இப்போதைய நிலவரம் இது. அவர் பரமக்குடியில் ஒரு தனியார் பள்ளியில் வேன்களுக்குப் பொறுப்பாளராக இருக்கிறார். சம்பளம் இங்கே வாங்கியதில் பாதிகூட இல்லை. அவருடைய மகள் படிப்பை நிறுத்தவில்லை. மூன்றாம் ஆண்டுக்கு வங்கியில் கடன் எடுத்திருக்கிறார்கள். வேறு கம்பெனி எதுவும் அமையவில்லை. சுகந்தி அக்காவும் நானும் மறுபடி பாலைவனப் படங்களைப் பார்க்கிறோம். இறுதிப் பட்டியலில் நரிகள் பதினேழு. தொகுத்தவர் என்று என் பெயரும், சரிபார்த்தவர் என்று அவர் பெயரும், ஊரோடு சேர்த்து, அச்சாகியிருக்கின்றன. இங்கே அவர் பெயரைப் போடவில்லை. கேட்டேன், ஒரு இடத்தில் இருந்தால் போதும் என்றார்.